இல்லாத பள்ளிக்கு எல்லைக்கல்

சுழல்நகர் தலைக்கு மேலே வருவதற்குள் பல் விளக்கி, வேட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றுவிட வேண்டும். சோலையப்பனுக்குப் பூமியில் இருந்த அன்றாடக் கடமை அது. விடியற்காலையில் ஒரு வெள்ளிப் புள்ளி மேற்கிலிருந்து கிழக்காக வானத்தைக் கடந்து போகும். அந்தப் புள்ளிக்குள் ஒன்றரை லட்சம் பேர் குடியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவன் மனைவி மெய்யம்மை. நகரத்தின் அடிவயிற்றில் பொதுத் தொலைநோக்கி ஒன்று உண்டு. முறை போட்டுக்கொண்டு பூமியைப் பார்க்கலாம். மெய்யம்மை ஒரு முறையைக்கூட விட்டதில்லை.

“கன்னத்துல என்னங்க தடிப்பு, கொசுக்கடியா? வேட்டி ஏன் இப்படிக் கசங்கிக் கெடக்கு?” என்று செவிமணியில் குரல் வந்தது.

செவிமணி என்பது பிறந்த குழந்தையின் காது மடலுக்குள் தைத்துவிடும் அரிசியளவு பேசுகருவி. அதை அணைத்து வைக்க வழி கிடையாது. கண்டுபிடித்தவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்வார்கள்.

“மெய்யு, ஐந்நூறு கிலோமீட்டர் ஒசரத்துலேர்ந்து வேட்டிக் கசங்கலப் பாக்கத்தான் அந்தக் கண்ணாடிய வச்சிருக்காகளா?”

“பேச்ச மாத்தாதீக. எல்லைக்கல் நட்டாச்சா? எங்க அப்பச்சி தெனம் கேக்குறாக. மாப்பிள்ளை நெலத்த வாங்கிட்டாரா, இல்ல நெலந்தான் மாப்பிள்ளைய வாங்கிருச்சான்னு.”

சோலையப்பன் வேட்டிக் கசங்கலை நீவிவிட்டான். வெள்ளிப் புள்ளி கிழக்கு மலைக்குப் பின்னால் இறங்கியதும் பேச்சும் அறுந்தது. அவனுக்கு மூச்சு வந்தது.

மூச்சுதான் அவன் தொழிலாக இருந்தது. சுழல்நகரில் காற்றுவடிகட்டிக் கடை வைத்திருந்தான். மூச்சு விடுகிறவரெல்லாம் வாடிக்கையாளர் என்பதால் கடனுக்குக்கூடக் கவலைப்படாத வியாபாரம். இரண்டு நூற்றாண்டாக ஐரோப்பாவை மூடிக் கிடந்த பனி உருகத் தொடங்கி, மீள்குடியேற்றம் என்று அறிவிப்பு வந்ததும் கடையைக் கைமாற்றிவிட்டு, மனைவியையும் மகள் சிகப்பியையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, முதல் இறக்கத்திலேயே பூமிக்கு வந்துவிட்டான். வந்த பிறகுதான் இங்கே காற்று இலவசம் என்பது உறைத்தது. ஒரு வாரம் மனம் சரியில்லாமல் இருந்தான்.

ஆனால் நிலம் என்றால் நிலம். ஆல்ப்ஸ் மலையின் கிழக்கு மடிப்பில், போஹீன் ஏரியின் கரையில், ஓடையும் புல்வெளியுமாக அவனுக்கு விழுந்த பங்கு, சுழல்நகரில் பிறந்தவன் கண்ணுக்குக் கொஞ்சம் அநியாயமாகவே தெரிந்தது. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? சிகப்பி ஓடலாம். அதுவரை அவள் ஓடியதெல்லாம் மாமனார் வீட்டு நடையில்தான். அங்கேயும் எட்டாவது அடியில் சுவர் வந்துவிடும்.

ஒரே நிபந்தனைதான். முதல் பனி விழுவதற்குள் நிலமளவர் வந்து எல்லைக்கல் நட்டுத் தர வேண்டும். நடாவிட்டால் பங்கு காலாவதியாகி, பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். சிகப்பியின் பேத்தி காலத்தில் மறுபடி முறை வரலாம்.

நிலமளவர் வந்தார். வந்தார் என்று மரியாதையாகச் சொல்வது வழக்கம். மற்றபடி அது நான்கு கால்களும், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அளவைக் கண்ணாடியும் கொண்ட எந்திரம். முதுகில் எல்லைக்கற்களைச் சுமந்துகொண்டு புல்வெளியைச் சுற்றி வந்தது. பிறகு ஒரு கல்லையும் இறக்காமல் அவன் எதிரில் வந்து நின்றது.

“மன்னிக்க வேண்டும். தங்கள் நிலம் முடக்கப்பட்டுள்ளது.”

“முடக்கமா? யாரு வழக்குப் போட்டது?”

“வழக்கு இல்லை. இவ்விடத்தில் ஒரு பள்ளி இருக்கக்கூடும்.”

சோலையப்பன் சுற்றிலும் பார்த்தான். புல். ஏரி. ஒரு மாட்டெலும்பு.

“எங்க?”

“அதுதான் தெரியவில்லை. குவெல்மார் மாயக் கல்விச்சாலை. தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.”

கேள்விப்படாதவர் யார்? பனிக்கு முந்திய காலத்தில் யாரோ எழுதிய ஒன்பது பாகக் கதை. மலைக்கு நடுவே மறைந்திருக்கும் பள்ளி, மந்திரம் கற்கும் பிள்ளைகள், பேசும் குதிரை. சுழல்நகரில் இன்னமும் பிள்ளைகளைத் தூங்க வைக்க அதைத்தான் செவிமணியில் ஓட்டுவார்கள்.

“அளவரே, அது கதை.”

“அப்படியொரு கருத்து உண்டு,” என்றார் அளவர்.

இங்கே நிலத்தீர்ப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்டம் முழுவதற்கும் எது யாருடையது, எங்கே என்ன இருந்தது என்று முடிவு செய்யும் மூளை அது. பனியிலும் வெள்ளத்திலும் பழைய அரசாங்கப் பதிவுகள் அழிந்துவிட்டன. மனிதர்கள் மீண்டும் மீண்டும் பிரதி எடுத்து உலகமெங்கும் இறைத்து வைத்திருந்தவை மட்டுமே மிஞ்சின. எனவே எது உண்மை என்பதை எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினார்கள் என்பதை வைத்து முடிவு செய்யும்படி நிலத்தீர்ப்பியைப் பழக்கியிருந்தார்கள். அந்தக் கணக்கில் அறுநூறு வருடம் நடந்த பல்கலைக்கழகங்கள் சில சந்தேகக் கேஸாகிவிட்டன. குவெல்மாருக்கோ கோடிக்கணக்கில் சாட்சி இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டவர்கள், அந்த வரைபடம் தப்பு என்று மறுவரைபடம் போட்டவர்கள், ஆல்ப்ஸ்தான் என்றும் நார்வேதான் என்றும் கார்ப்பாத்திய மலைதான் என்றும் கட்சி கட்டி ஒருவர் பிறப்பை ஒருவர் இழுத்துப் பேசியவர்கள், சீருடை தைத்துப் போட்டுக்கொண்டு மலையேறிப் படம் பிடித்தவர்கள்.

“அந்தக் காலத்து ஆளுங்களுக்கு வேற வேலையில்ல. அதுக்கு நான் என்ன பண்றது? நீயே பாரு. இங்க எதாவது தெரியுதா?”

“இல்லை.”

“அப்பறம் என்ன?”

“நூலின்படி அப்பள்ளி வெளியார் கண்ணுக்குத் தெரியாது. இங்கும் எதுவும் தெரியவில்லை. முழுமையாகப் பொருந்துகிறது.”

“எல்லா எடத்துலயும்தான்யா ஒன்னும் தெரியல!”

“ஆம். அதனால்தான் ஐரோப்பா முழுவதும் இருநூற்றுப் பதினோரு இடங்களை முடக்கியிருக்கிறோம். இடம் உறுதியாகும்வரை.”

“உறுதியாக எவ்வளவு நாளாகும்?”

“ஆய்வு தொடங்கி முப்பது ஆண்டுகள்தான் ஆகின்றன,” என்றது எந்திரம், ஆறுதலாக.

பக்கத்துப் பங்கு நெய்னா முகம்மதுவுடையது. சுழல்நகரில் போர்வைக் கடை வைத்திருந்தவர். சோலையப்பனைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் காக்கா, அதாவது அண்ணன். அவர் நிலமும் முடக்கத்தில்தான் இருந்தது. ஆனால் மனிதர் கலங்கவில்லை. மாலையில் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, இடிந்து போனவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அந்த மலை வளைவுக்கு அப்பால ஒருத்தர், பள்ளிக்கூடம் இல்லைன்னு காட்டறதுக்காக நெலம் பூராத்தையும் தோண்டிப் போட்டாராம் செட்டியாரே.”

“என்ன ஆச்சு?”

“இவ்வளவு தோண்டியும் அகப்படலைன்னா, மறைப்பு மந்திரம் ரொம்பப் பலமா இருக்குன்னு சொல்லி, சந்தேகத்த இன்னும் ஒசத்திட்டாங்களாம்.”

“காக்கா, சிரிக்காதீக. வயிறு எரியுது.”

“நான் எங்கே சிரிக்கிறேன்? தேத்தண்ணி ஆறுது, குடிங்க.”

சோலையப்பன் அடுத்த சில நாட்களை அளவரோடு வாதாடிக் கழித்தான். கதை என்றால் கதை என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறதே என்றான். அடக்கத்தால் போட்டிருக்கலாம் என்றார் அளவர். குதிரை பேசுமா என்றான். தாங்கள் இப்போது யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அளவர் தன் நான்கு கால்களையும் பார்த்துக்கொண்டே கேட்டார். மலை உச்சிகளில் வெள்ளை இறங்கிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து தினமும் காலையில் குரல் வந்துகொண்டிருந்தது. மாமனார் இப்போது பேத்தியிடம், “உங்க அப்பச்சி ஐஸ்ல வீடு கட்டுறாக” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் அவனுக்குள் இருந்த கடைக்காரன் கண் விழித்தான். கடையில் இல்லாத சரக்கை ஒருவர் கேட்டால், அப்படியொரு சரக்கே உலகத்தில் கிடையாது என்று எந்த வியாபாரி சொல்வான்? சொன்னால் வாடிக்கையாளர் நம்ப மாட்டார். நின்று சண்டை போடுவார். மற்ற வியாபாரமும் கெடும். “அது நம்மகிட்ட இல்லைங்க, அடுத்த தெருவுல மூணாவது கடையில கெடைக்கும்” என்று கை காட்டிவிட்டால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். இத்தனை நாளாக அவன் செய்த தப்பு அதுதான். குவெல்மார் இல்லை என்று நிரூபிக்க முடியாது. இங்கே இல்லை, அங்கே இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் போதும்.

ஒன்பது பாகத்தையும் செவிமணியில் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணூறு பிள்ளைகள் உண்டு உறங்கும் பள்ளி. முதல் மூன்று பாகத்தில் ஒருத்தராவது துணி துவைக்கவில்லை. வேளாவேளைக்கு விருந்து, மாவு யார் கொடுத்தது, விறகு எங்கிருந்து வந்தது என்று பேச்சே இல்லை. பழைய காலத்துக் கட்சிக்காரர்கள் நட்சத்திரத்தை வைத்தும் ரயில் நேரத்தை வைத்தும் சண்டை போட்டிருந்தார்களே தவிர, இத்தனை வாய்க்கும் யார் சப்ளை என்று ஒரு மனுஷன் கேட்டிருக்கவில்லை.

நாலாம் பாகத்தில் சமையற்காரி ஒருத்தி மீன்காரனைத் திட்டுகிறாள். மந்திரத்துக்குச் சம்பந்தமில்லாத காட்சி. எல்லோரும் தாண்டிப் போயிருப்பார்கள். சோலையப்பன் எழுந்து உட்கார்ந்தான்.

“காக்கா, இதக் கேளுங்க. பொழுது சாயத் துறைமுகத்துல கெளம்புன மாட்டு வண்டி. மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்து அடுப்படிக்கு வருது. மீனோட கண்ணு மங்கலைன்னு அவளே ஒத்துக்கிறா; செதில் வெட்டுனதுதான் சரியில்லையாம்.”

“ஐஸ் போட்டிருப்பான்.”

“ஐஸ் கெடையாது. ஈரச் சாக்குதான், ரெண்டு தடவ சொல்றா.”

நெய்னா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “அப்ப ராத்திரி ஒன்னு, பகல்ல பாதி. மாட்டு வண்டி எவ்வளவு போகும்? மலையேத்தம் வேற. கடலுக்குப் பக்கம்ங்க அது. இங்கே இல்லவே இல்ல. இங்கே வர்றதுக்குள்ளே மீனு என்ன, மாடே நாறிப் போகும்.”

“இன்னொன்னு. பள்ளிக்கூடத்து ஏரி இருக்கே, மழைக்காலத்துல அதுல படகு விடுறாக. கோடைக்கு ஏரியே மறைஞ்சு போயிடுது. பிள்ளைக அதுமேல பந்து வெளையாடுதுக. மாயம் மாயம்னு நூறு பக்கம் எழுதியிருக்கான்.”

மறுநாள் அளவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். அதற்கு உட்காரத் தெரியாது. மரியாதைக்கு முன்னங்காலை மடித்தது.

“அளவரே, ஒங்ககிட்ட நான் தகராறு பண்ணினது தப்பு. பள்ளிக்கூடம் இருக்கு.”

“மகிழ்ச்சி.”

“ஆனா இங்க இல்ல. கடலுக்கு ஒரு ராத்திரி, அரைப் பகல் வண்டி தூரத்துல, கோடையில காணாமப் போற ஏரி எதாவது இருக்கா?”

அளவரின் கண்ணாடி தெற்கே திரும்பியது. “திரியெஸ்தே துறைமுகத்துக்குக் கிழக்கே செர்க்னிட்சா ஏரி. அங்கு நிலம் சுண்ணாம்புப் பாறை, அடியெல்லாம் ஓட்டை. மழையில் நிரம்பும், வறட்சியில் வடிந்துவிடும். அது மாயமன்று, நிலவியல்.”

“அந்தப் பிள்ளைகளுக்கு நிலவியல் பாடம் இருந்துச்சா?”

“இல்லை. ஒன்பது பாகத்திலும் இல்லை.”

“அப்ப அதுகளுக்கு அது மாயந்தானே?”

அளவைக் கண்ணாடி அவன் பக்கம் மெல்லத் திரும்பியது. பேரம் சூடு பிடித்தது. படுக்கையறை ஜன்னலில் பனிமலை தெரிய வேண்டுமே என்றார் அளவர். அங்கே தெற்கே பாருங்கள் என்றான் சோலையப்பன், இருந்தது. கரடி? காடு நிறைய. ஓநாய்? அதுவும். பேசும் குதிரைக்கு என்ன ஆதாரம் என்று அளவர் இழுத்தார். “குதிரைய விட்டுடுங்க, நான் ரயில் நேரத்த விட்டுத் தர்றேன்” என்றான். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரி என்றது எந்திரம். எந்த நாளில், எந்த எந்திரத்துக்கு, யார் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மாலைக்குள் நிலத்தீர்ப்பியின் முடிவு வந்துவிட்டது. குவெல்மார் மாயக் கல்விச்சாலை செர்க்னிட்சா ஏரிக்கரையில் உள்ளது. மற்ற இருநூற்றுப் பத்து இடங்களுக்கும் முடக்கம் நீங்கியது. போஹீன் ஏரிக்கரையில் நான்கு மூலையிலும் கல் இறங்கியது. சோலையப்பன் நான்கு கற்களையும் தொட்டுப் பார்த்தான். நான்காவது கல்லருகே நெய்னாவைத் தேடினான். அவர் கூடாரம் இருந்த இடத்தில் முளைக்குச்சியின் குழிகள் மட்டும் இருந்தன. குடும்பத்தை அழைத்துவரச் சுழல்நகருக்குக் கிளம்பியிருப்பார், சொல்லிக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்தான்.

மறுநாள் காலையில் வேட்டி கசங்காமல் வந்து நின்றான்.

“மெய்யு! கல்லு நட்டாச்சு! கடைசி எறக்கத்துக்கு முன்பதிவு பண்ணு. பாத்தியா, அதுதான் ஓடை. வீட்ட ஓடைக்கு இந்தப் பக்கம்...”

“அங்கேர்ந்து ஸ்கூலு எவ்வளவு தூரம்?”

“எந்த ஸ்கூலு?”

“தெரியாத மாரிப் பேசாதீக. நீங்கதானே கண்டுபுடிச்சீக. நகரம் பூரா அதான் பேச்சு. அப்பச்சி மொத மொறையா ஒங்களப் பெருமையாச் சொன்னாக.”

சோலையப்பனுக்கு மண்டைக்குள் ஏதோ அவிழ்ந்தது. பக்கத்தில் நின்ற அளவரைப் பார்த்தான். “அந்தப் பள்ளிக்கூடத்தப் பத்தி என்னய்யா அறிவிச்சிருக்கீக?”

“இடம் உறுதியானதால் இயங்கும் பள்ளியாகப் பதிவு செய்யப்பட்டது. மூடப்பட்டதாக எந்த ஆவணமும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்திருப்போரின் குழந்தைகளுக்கு முன்னுரிமை.”

“மெய்யு, நான் சொல்றதக் கேளு. அங்க ஸ்கூலே இல்ல. வாத்தியார் இல்ல. கட்டடம் இல்ல. நான் சும்மா கைகாட்டி விட்டேன்.”

“இருநூறு வருஷமா ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆகலையாம்.”

“படிக்கிறதுக்கே ஒருத்தரும் இல்லையே!”

“அவ்வளவு கண்டிப்பாப் பாத்துச் சேக்குறாக.”

“ஐயோ!”

“கத்தாதீக. சிகப்பிக்கு அஞ்சு முடியப் போகுது. பக்கத்து வீட்டுத் தெய்வானை மகன், அவன் மூக்கத் தொடைக்கத் தெரியாத பய, அவனுக்கே அங்க எடம் பாக்குறாக. நம்ம பிள்ளைய ஓடைக்கரையில மாடு மேய்க்க விடப் போறீகளா? ஸ்கூலு பக்கத்துல எடம் பாத்துச் சொல்லுங்க, எறங்கி வர்றோம். இல்லைன்னா இங்கேயே இருந்துக்கிறோம்.”

வெள்ளிப் புள்ளி போய்விட்டது. நான்கு கற்களுக்கு நடுவே சோலையப்பன் நின்றான். ஓடை சலசலத்தது. அது அவனைக் கேலி செய்வது போலத்தான் இருந்தது.

மிதவண்டியைப் பிடித்துக்கொண்டு அன்றே செர்க்னிட்சாவுக்குப் போனான். மழைக்காலம், ஏரி வந்திருந்தது. கரை என்று எதைச் சொல்வது என்றே தெரியாத சேற்றுக்காடு. அதில் முழங்கால் புதைய ஜனங்கள் நின்றார்கள். போஹீனில் நல்ல நிலம் வாங்கியவர்கள், நார்வேக்காரர்கள், கார்ப்பாத்தியக்காரர்கள், எல்லாரும். பங்குகள் முந்திய நாளே தீர்ந்துவிட்டிருந்தன. பள்ளிக்கு எல்லைக்கல் என்று நட்டிருந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில், மேடான பங்கில், பழகிய போர்வைக் கூடாரம் ஒன்று நின்றது. வாசலில் நெய்னா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“வாங்க செட்டியாரே! ஒங்களத்தான் எதிர்பாத்தேன்.”

“காக்கா, என் கூடவே ஒக்காந்து மீன் கணக்குப் போட்டீக. பள்ளிக்கூடம் இல்லைன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“நல்லாத் தெரியும்.”

“அப்பறம் எதுக்கு இங்க ஓடி வந்தீக?”

“இல்லாத பள்ளிக்கூடத்துக்கே இவ்வளவு கூட்டம் நிக்குதே. இருந்து, வாத்தியாரும் வந்து, அவரு ரெண்டு பிள்ளைய அடிச்சு வச்சிருந்தாத்தான் கூட்டம் கொறையும்.” குவளையை நீட்டினார். “நம்ம மர்ஜியாவுக்கும் ஒரு எடம் போட்டிருக்கேன்.”

“இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டே மகளச் சேத்தீகளா?”

நெய்னா முதல் முறையாகக் கொஞ்சம் நெளிந்தார். “ஊர்ப் பிள்ளையெல்லாம் போறப்ப நம்ம பிள்ள மட்டும் வீட்ல இருந்தா நாளைக்கு யாரு கட்டுவா?”

பேரம் நடந்தது. பேரம் என்று சொல்வது சோலையப்பனின் மானத்தைக் காப்பாற்றத்தான். வாங்குகிறவனின் பெண்டாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்பது விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால் அதில் பேரத்துக்கு என்ன இருக்கிறது? ஓடையும் புல்வெளியும் நெய்னாவின் பக்கம் போயின. அவருடைய மேட்டின் பின்பாதி, வருடத்தில் ஆறு மாதம் தண்ணீரிலும் மீதி சேற்றிலும் கிடக்கும் துண்டு, சோலையப்பனின் பக்கம் வந்தது. கை குலுக்கும்போது நெய்னாவுக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஒரு போர்வை சேர்த்துக் கொடுத்தார்.

கடைசி இறக்கத்தில் மெய்யம்மையும் சிகப்பியும் வந்தார்கள். கால் நட்டு மேலே கட்டிய மரவீட்டைப் பார்த்து மெய்யம்மை குறை சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்தாள். “எது ஸ்கூலு?” என்றாள்.

“அந்தா, அந்த நாணலுக்கு அந்தப் பக்கம்.”

“ஒன்னும் தெரியலையே.”

“தெரியாது.”

“ம்,” என்றாள் திருப்தியாக.

பனிக்காலம் கழிந்ததும் பள்ளி நடக்கத் தொடங்கியது. வேறெப்படிச் சொல்வது? காலையில் சீருடை போட்டு, சாப்பாட்டுத் தூக்கு கொடுத்து, அறுபது எழுபது பிள்ளைகளை எல்லைக்கல் வரை கொண்டுபோய் விடுவார்கள். கல்லைத் தாண்டிப் பெற்றோருக்கு அனுமதி இல்லை. மேற்பார்வைக்கு அளவரை நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலம் பிள்ளைகள் தலையிலிருந்து கால்வரை சேறாகத் திரும்பி வரும். அளவர் அறிக்கை தருவார்: “இன்று வகுப்பு நடைபெற்றது. மாணவர்கள் பள்ளியைக் காணவில்லை. முதலாண்டில் இது இயல்பு.”

சிகப்பி நீந்தக் கற்றுக்கொண்டாள். ஏரித் தண்ணீர் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று காது வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்தாள். நாரை எந்தக் காலைத் தூக்கி நிற்கும் என்று பந்தயம் கட்டி, பெரும்பாலும் ஜெயித்தாள். நடையில் எட்டு அடி ஓடிய பிள்ளை இப்போது கண்ணுக்குத் தெரியாத தூரம் ஓடிவிட்டு, சாப்பிட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப் போனாள். சோலையப்பன் அவளைத் தூக்கிப் படுக்க வைக்கும்போது, போகட்டும், தப்பிப் பிழைத்தோம் என்று தோன்றியது. அந்த ஆறுதல் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

“வீட்டுப்பாடமே தர மாட்டேங்குறாகளே,” என்றாள் மெய்யம்மை.

“யாரு தருவா?”

“மர்ஜியா மூணு மந்திரம் சொல்றாளாம். இவ தவளைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா.”

“மர்ஜியாவுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?”

“அவ வாப்பா டியூஷன் ஆரம்பிச்சிருக்காராம். சாயந்தரம் அஞ்சு பேர், பத்து பேர் போகுதுக.”

சோலையப்பன் நாலு நாள் சிரித்தான். ஐந்தாம் நாள் சிகப்பியைக் கூப்பிட்டு, “நீ மந்திரம் ஏதாச்சும் கத்துக்கிட்டியாடி?” என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தன் வாயைத் தானே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டான். அவள் இல்லை என்றாள். ஏனோ கோபம் வந்தது. அடுத்த வாரம் அவளும் டியூஷனுக்குப் போனாள்.

பிறகு பெற்றோர் கூடி அளவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் எப்படிப் படிக்கின்றன என்று தெரிய வேண்டும், பரீட்சை வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற சோலையப்பன், வேடிக்கை பார்க்கத்தான் வந்தோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினான். நிலத்தீர்ப்பி எத்தனை கை என்று எண்ணியது. பழக்கப்படி அதையே உண்மையாக ஏற்றுக்கொண்டது. ஒரு முழு நாள் பிள்ளைகள் நாணலைப் பார்த்து வரிசையாக உட்கார வைக்கப்பட்டார்கள். நாரைகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

முடிவு சொல்லும் நாளில் ஜனமெல்லாம் எல்லைக்கல்லருகே கூடியது. அளவர் தொண்டையைக் கனைத்தது. மனிதர்களோடு இருந்து பழகியதில் வந்த வழக்கம். “பள்ளி கண்ணுக்குத் தெரியாததால் மதிப்பெண்ணும் எவர் கண்ணுக்கும் தெரியாது. இடம் மட்டும் தனித்தனியே அறிவிக்கப்படும்.”

சோலையப்பனின் முறை வந்தது. பக்கத்தில் மெய்யம்மை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சிகப்பி காலடியில் குந்தி, சேற்றுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“செல்வி சிகப்பி சோலையப்பன். வகுப்பில் இரண்டாம் இடம்.”

கட்டடம் இல்லை. ஆசிரியர் இல்லை. பாடம் இல்லை. இந்தப் பூமியில் அதைச் சத்தியம் செய்து சொல்லத் தகுதியுள்ள ஆள் ஒருவன் உண்டென்றால் அது சோலையப்பன்தான். சொல்லவும்தான் வாயைத் திறந்தான். மெய்யம்மையின் முகத்தைப் பார்த்தான். பிறகு நாலாபுறமும் பார்த்துவிட்டு, எந்திரத்தின் அருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

“மொத ரேங்க் யாரு?”